மாத்திரை சிறிது, எச்சரிக்கை பெரிது

கொருக்குப்பேட்டையில் முதுகுவலி இல்லாத பெரியவரைத் தேடிப் பிடிப்பது கடினம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வாகன் இறக்கியவர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவர், இவர்களில் யாருக்குத்தான் இடுப்பு வலிக்காது? "தூக்கின தூக்கு அப்படி" என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்துக் கொண்டு படுத்து விடுவார்கள். இரவில் நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதையும், போனாலும் அது சொட்டுச் சொட்டாகவே இறங்குவதையும் வெளியே சொல்ல மாட்டார்கள். வயசாகி விட்டால் இதெல்லாம் சகஜந்தானே என்பது வீட்டார் வழங்கும் தீர்ப்பு.

பெரும்பாலோருக்கு அது சகஜமாகவே இருக்கலாம். ஆனால் அவர்களில் சிலருக்கு அந்த முதுகுவலி மூட்டை தூக்கியதால் வந்ததல்ல. மூத்திரப் பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் பிராஸ்டேட் என்ற சுரப்பியில் புற்றுநோய் உண்டாகி, அது சத்தமின்றி முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவி விட்டதன் அடையாளம் அது. தைலத்துக்கு மேல் தைலம் மாறி, கடைசியில் காலை ஊன்ற முடியாத நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போகும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. அப்பொழுது டாக்டர் சொல்லும் வார்த்தை: "நோய் முற்றி விட்டது. அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் அடக்கி வைக்கலாம்."

அடக்கி வைப்பதற்கான வழிகளில் மிகப் பழையது, மிக மலிவானது ஒரு மாத்திரை. ஆண்களுக்கு வரும் இந்த நோய்க்குப் பெண்களின் ஹார்மோனைக் கொடுப்பது. ஈஸ்ட்ரோஜன் என்று அதற்குப் பெயர். இந்த மாத்திரையால் வலி தீர்ந்து எழுந்து நடமாடியவர்கள் உண்டு. இதே மாத்திரையால் மாரடைப்பு வந்து, புற்றுநோய் கொல்லும் முன்பே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அளவிலும் கவனிப்பிலும் இருக்கிறது. அந்தக் கவனிப்பு என்ன என்பதை இந்த மாத்திரை விழுங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

நாயிடம் கற்ற பாடம்

மனிதனைப் போலவே வயதான காலத்தில் பிராஸ்டேட் சுரப்பி வீங்கி அவதிப்படும் பிராணி ஒன்று உண்டு. அது நாய். அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோனே இந்தச் சுரப்பிக்கு உணவு என்று கண்டார். உணவை நிறுத்தினால் சுரப்பி சுருங்குகிறது. பெண் ஹார்மோனைக் கொடுத்தாலும் சுருங்குகிறது. அப்படியானால் சுரப்பியில் உண்டான புற்றுநோயும் இதே உணவைத் தின்றுதானே வளர வேண்டும்? 1941-ல் ஹக்கின்ஸும் அவருடைய மாணவர் ஹாட்ஜஸும், எலும்பு வரை நோய் பரவிய மனிதர்களுக்கு விரைகளை அகற்றியும், ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டும் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் எலும்பு வலி குறைந்தது. புற்றுநோய் என்றால் கத்தி, கதிர்வீச்சு இரண்டைத் தவிர வேறு வழியில்லை என்று உலகம் நினைத்திருந்த காலம் அது. 1966-ல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் கொடுத்தார்கள். தாமதமானாலும் தகுந்தவருக்கே போயிற்று.

மருந்து மலிவானதற்கும் ஒரு கதை உண்டு. 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் பெண் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற பொருளை ரசாயன சாலையில் செய்து காட்டினார்கள். அதற்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று ஆயிற்று. அதே 1938-ல்தான், வடசென்னையில் பஞ்ச காலத்துக் கஞ்சி ஊற்றும் சத்திரத்திலிருந்து வளர்ந்து, பழைய ஆட்கள் இன்றும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வைத்தியப் பள்ளி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. கொருக்குப்பேட்டைக்காரர் உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் ஓடுவது அங்கேதான். மருந்தும் கல்லூரியும் ஒரே வயது.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது? தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கி விடலாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற ஒரு சுரப்பி இருக்கிறது. அது மேஸ்திரி. ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் "இன்னும் செய்" என்று விரைகளுக்குக் கட்டளை அனுப்பும். வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்ததும், சரக்குதான் நிறைய இருக்கிறதே என்று மேஸ்திரி ஏமாந்து கட்டளையை நிறுத்தி விடுகிறார். விரைகள் வேலை நிறுத்தம் செய்கின்றன. புற்றுநோய்க்குத் தீனி போய்விடுகிறது.

ஐந்து மில்லிகிராம் தந்த அடி

1950-களில் மேல்நாட்டு டாக்டர்கள் இந்த மாத்திரையைத் தாராளமாகவே எழுதினார்கள். தினம் ஐந்து மில்லிகிராம் என்பது வழக்கமான அளவாக இருந்தது. நோய் அடங்குகிறது, பிறகென்ன? யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கேட்டவர்கள் அமெரிக்காவின் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த டாக்டர்கள். 1960-ல் தொடங்கி, நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தும் மற்றொரு சாராருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 1967-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு வைத்திய உலகைத் திடுக்கிட வைத்தது. ஐந்து மில்லிகிராம் விழுங்கியவர்களில் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவு. ஆனால் மாரடைப்பாலும், ரத்தக் கட்டியாலும், பக்கவாதத்தாலும் இறந்தவர்கள் அதிகம். ஒரு வாசலை அடைத்தார்கள், எமன் மறு வாசல் வழியாக வந்து விட்டான். பிறகு குறைந்த அளவுகளை வைத்து மறுபடியும் சோதித்தார்கள். ஒரு மில்லிகிராம், ஐந்து மில்லிகிராமைப் போலவே புற்றுநோயை அடக்கியது. இருதயச் சாவுகள் அந்த அளவுக்கு இல்லை. ஐந்து மில்லிகிராம் சோதனையை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இதற்குக் காரணம் கல்லீரல். வாய் வழியாக விழுங்கிய எந்த மருந்தும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குத்தான் முதலில் போகும். அங்கே ஈஸ்ட்ரோஜன் மொத்தமாகப் போய் இறங்கும்போது, ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைக் கல்லீரல் அதிகமாகச் செய்யத் தொடங்குகிறது. உறைவதைத் தடுக்கும் பொருள்களைக் குறைத்துக் கொள்கிறது. ரத்தம் எளிதில் கட்டியாகிறது. போதாததற்கு உடம்பு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தேக்கி வைக்கும். தளர்ந்த இருதயத்துக்கு அது கூடுதல் சுமை.

1980-களில் மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போட்டுக் கொள்ளும் புதிய ஊசிகள் வந்தன. அவையும் அதே மேஸ்திரியைத்தான் அடக்குகின்றன, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே. மேல்நாட்டில் மாத்திரை மூலையில் ஒதுங்கியது. நம் நாட்டில் அப்படி முழுக்க ஒதுங்கி விடவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, விலைதான். வேறு சிகிச்சைகள் வேலை செய்யாமல் போன பிறகு கடைசிப் படியில் இதைக் கையில் எடுக்கும் நிபுணர்களும் உண்டு.

மலிவு என்பது குற்றமா?

இங்கே ஒரு விஷயத்தைப் பட்டென்று சொல்லிவிட வேண்டும். மலிவான மருந்து என்பதால் அது மட்டமான மருந்தாகி விடாது. ஊசிக்கு வழியில்லாத ஒருவருக்கு வலியைத் தீர்க்கும் மாத்திரையை மறுப்பது தர்மமல்ல. ஆனால் ஏழை என்பதற்காக, இருதயத்தைச் சோதிக்காமலே மாத்திரையைக் கையில் திணித்து அனுப்புவதும் தர்மமல்ல. மாத்திரை மலிவு, அதோடு சேர்ந்து வர வேண்டிய சோதனைகளையும் சேர்த்துத்தான் அது வைத்தியம். பாதியை மட்டும் கொடுப்பது, பிரேக் இல்லாத லாரியை இனாமாகக் கொடுப்பது போலத்தான்.

இன்னொரு மலிவான வழியும் இருக்கிறது. விரைகளை, அல்லது அவற்றின் உள்ளே இருக்கும் சுரக்கும் பகுதியை மட்டும், சிறிய அறுவைச் சிகிச்சையால் எடுத்து விடுவது. ஒரே தடவையோடு வேலை முடிந்தது. தினம் மாத்திரை இல்லை, ஈஸ்ட்ரோஜனால் வரும் ரத்தக் கட்டி பயமும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாக நடந்து வரும் சிகிச்சை. ஆனால் எழுபது வயதுக்காரர்கூட இந்தப் பேச்சை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். ஆண்மை போய்விடுமே என்ற கலக்கம். மாத்திரையும் ஊசியும் செய்வது அதே காரியத்தைத்தான் என்பதை யாராவது நிதானமாக எடுத்துச் சொன்னால், இருதயம் பலவீனமான பல பேர் அறுவைச் சிகிச்சைக்கே சம்மதிக்கக் கூடும். மாத்திரையை எழுதும் முன் இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும். அதுவும் மனைவியையோ மகனையோ பக்கத்தில் வைத்துக் கொண்டு.

விழுங்கும் முன்பு

ஈஸ்ட்ரோஜன் எழுதப் போகும் டாக்டரிடம் சில விஷயங்களை அவர் கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லியாக வேண்டும். முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததுண்டா, காலில் எப்போதாவது ரத்தக் கட்டி உண்டானதா, மஞ்சள் காமாலையோ வேறு கல்லீரல் கோளாறோ உண்டா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ரத்த அழுத்தம், சர்க்கரை உண்டா என்பவை அவை. பீடி குடிப்பவர் அதை மறைக்கக் கூடாது. "ஒன்றிரண்டுதான்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு கட்டு ஊதுகிறவர்கள் ஏமாற்றுவது டாக்டரை அல்ல. குடிப்பழக்கமும் அப்படியே. மாரடைப்போ, பக்கவாதமோ, ரத்தக் கட்டியோ ஏற்கனவே வந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பொதுவாக ஆகாது.

மற்ற மருந்துகளையும் சொல்ல வேண்டும். காச நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்றவை ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்து, அதன் பலனைக் குறைத்து விடக் கூடியவை. வடசென்னையில் காச நோய் அபூர்வமான சமாசாரமா என்ன?

இருதயத்துக்கு ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், ரத்தத்தில் சர்க்கரை, கல்லீரல் சோதனை, இவை தொடக்கத்தில். பிறகு பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை நோய் அடங்குகிறதா என்று காட்டும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவையும் பார்ப்பதுண்டு. குறைந்த அளவு மாத்திரை எல்லோருக்கும் ஆண் ஹார்மோனை முழுக்க அடக்கி விடாது என்பதால் இந்தச் சோதனை அவசியமாகிறது. அளவைக் கூட்டினால் அடங்கும், ஆபத்தும் கூடும். இந்தக் கயிற்றின் மேல் நடப்பது டாக்டரின் வேலை. மாத்திரை நன்றாகக் கேட்கிறது, இன்னும் ஒன்று சேர்த்துப் போட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று வீட்டில் முடிவு செய்வதற்கு இதில் இடமே இல்லை. ஒரு வேளை மறந்து விட்டால் மறு வேளைக்கு இரண்டாகப் போடுவதும் கூடாது.

எண்ணைப் பார்த்து ஏமாறும் ஆபத்தும் உண்டு. ஹான்வான் என்ற பெயரில் பல வருஷம் விற்ற ஃபாஸ்ஃபெஸ்ட்ரால் மாத்திரையில் 120 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். உடம்புக்குள் போனதும் அது பழைய ஸ்டில்பெஸ்ட்ராலாக மாறுகிறது. ஒன்றில் ஒரு மில்லிகிராம், மற்றொன்றில் நூற்றிருபது என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒப்பிட்டு, தாமாக மாற்றிக் கொள்வது விபரீதத்தில் முடியும்.

மருந்துக் கடைகளில் அன்றாடம் நடக்கும் ஒரு பேச்சு இது:

"தம்பி, அப்பாவுக்குப் போன தடவை குடுத்தியே, அந்த மாத்திரை இன்னும் ஒரு மாசத்துக்குக் குடுப்பா."

"சீட்டு இருக்குதா?"

"பழசு இருக்குது."

பேச்சு அதோடு முடிந்தது. மாத்திரை பொட்டலத்துக்குள் போயிற்று. டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து இது என்பது சட்டம். சட்டத்தைவிட முக்கியமானது, அந்தப் பழைய சீட்டு எழுதப்பட்ட பிறகு அப்பாவின் காலை யாராவது பார்த்தார்களா என்பது. ஆறு மாதத்துக்கு முன் சரியாக இருந்த அளவு இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று அந்தக் காகிதம் உத்தரவாதம் கொடுக்காது. ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் கூலி போகிறதே என்பது நியாயமான வருத்தந்தான். அதற்காகவே டாக்டர்கள், சோதனை தேதியையும் மருந்து தீரும் தேதியையும் ஒரே நாளாக அமைத்துக் கொடுத்தால் எவ்வளவோ உபகாரமாக இருக்கும்.

மேல்துண்டுக்குள் மறைந்த சங்கதி

ஆபத்துகளில் மாரடைப்பு பெரியது. ஆனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் அது அல்ல. வெட்கம்.

ஈஸ்ட்ரோஜன் சாப்பிடும் ஆண்களில் மிகப் பலருக்கு மார்பு பெருக்கும், தொட்டால் வலிக்கும். கோடைக் காலத்தில் கொருக்குப்பேட்டைச் சந்துகளில் எந்த ஆண்பிள்ளை வீட்டுக்குள் சட்டை போட்டுக் கொண்டு படுக்கிறான்? வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வெற்றுடம்போடு காற்று வாங்கிய பெரியவர், திடீரென்று சித்திரை வெயிலிலும் பனியனுக்கு மேல் துண்டைப் போர்த்திக் கொள்கிறார். "இன்னாய்யா, உடம்பு சுடுதா?" என்று கேட்கிறாள் மனைவி. "ஒண்ணுமில்லே, போ" என்கிறார். பேரப் பிள்ளைகள் சிரித்து விடுவார்களோ, குழாயடியில் யாராவது பார்த்து விடுவார்களோ என்ற அச்சம். இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் மாத்திரையைக் கால்வாயில் எறிந்து விடுகிறார். மூன்று மாதத்தில் முதுகுவலி மறுபடியும் வருகிறது. மருந்து கேட்கவில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். டாக்டரும் அப்படியே நினைத்து வேறு மருந்துக்கு மாற்றி விடக் கூடும்.

இவ்வளவும் தேவையில்லாத துன்பம். மாத்திரை தொடங்கும் முன்பே மார்பில் குறைந்த அளவில் கதிர்வீச்சுக் கொடுத்தால் இந்த வீக்கத்தைப் பெருமளவு தடுக்க முடியும். அதை முன்கூட்டியே செய்ய வேண்டும். பெருத்த பிறகு கொடுத்தால் வலி குறையலாமே தவிர, வளர்ந்தது பழையபடி சுருங்குவது கடினம். ஆகவே "இப்படி ஆகும், வெட்கப்பட ஒன்றுமில்லை, தடுக்கவும் வழி உண்டு" என்ற மூன்று வாக்கியங்களை முதல் நாளே சொல்லி விட வேண்டியது சிகிச்சை அளிப்பவர்களின் கடமை. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் திறந்து வைக்கப் பாடுபட்ட புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் இது. கதிர்வீச்சு இங்கே புதுமையல்ல. சொல்லாமல் விடுவதற்கு மன்னிப்பும் இல்லை.

தாம்பத்திய ஆசை குறைவதும் இந்த வைத்தியத்தின் கூடவே வருவது. இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்து கொள்வது நல்லது; இல்லாவிட்டால் அறுபத்தைந்து வயதில் வீண் சந்தேகம் குடும்பத்தில் புகுந்து விடும். நியாயமாக ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். ஆண் ஹார்மோனை மட்டும் அடக்கும் மற்றச் சிகிச்சைகளில் எலும்பு மெலிந்து போகும், திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். ஈஸ்ட்ரோஜனில் இந்த இரண்டு தொல்லைகளும் குறைவு.

மூலிகை என்று வந்த மோசடி

மாத்திரைக்குப் பயந்து "பக்க விளைவு இல்லாத மூலிகை" தேடிப் போகிறவர்களுக்கு ஒரு கதை. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் பி.சி.ஸ்பெஸ் என்ற பெயரில் சீன மூலிகைகள் அடங்கிய ஒரு குளிகை அமோகமாக விற்றது. பிராஸ்டேட் புற்றுநோய்க்காரர்கள் பலர் விழுங்கினார்கள். சிலருக்கு அதிசயமாகக் கேட்கவும் கேட்டது. என்னடா இது என்று சோதித்துப் பார்த்தால், மூலிகையோடு மூலிகையாக ஸ்டில்பெஸ்ட்ராலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தும் கலந்திருந்தன! 2002-ல் அது கடையிலிருந்து அகற்றப்பட்டது. எந்த மாத்திரைக்குப் பயந்து ஓடினார்களோ அதையே, அளவு தெரியாமல், இருதயச் சோதனையும் இல்லாமல், நாலு மடங்கு நம்பிக்கையோடு விழுங்கியிருந்தார்கள் பாவம். சீட்டு ஒட்டாத பாட்டிலிலிருந்து வரும் எந்தச் சூரணத்தையும் டாக்டரிடம் காட்டாமல் சாப்பிட வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

வீட்டிலும் மாத்திரையைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரே அறையில் எட்டுப் பேர் குடியிருக்கும் வீட்டில் அலமாரி ஏது என்று கேட்கலாம். மூடியுள்ள டப்பா போதும். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ இந்த மாத்திரையைத் தவறுதலாகக்கூட விழுங்கக் கூடாது. அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு ஸ்டில்பெஸ்ட்ரால் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண்கள் சிலருக்கு இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அபூர்வமான புற்றுநோய் வந்ததை 1971-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகே கர்ப்பிணிகளுக்கு அது கூடாது என்று எச்சரிக்கை பிறந்தது.

பழைய மருந்து, புதிய வழி

விழுங்கினால்தானே கல்லீரல் குறுக்கே வருகிறது? தோல் வழியாக அனுப்பினால் என்ன? இந்த எளிய கேள்வியை இங்கிலாந்து டாக்டர்கள் எடுத்துக் கொண்டார்கள். மாத்திரைக்குப் பதிலாக, ஈஸ்ட்ரோஜன் தடவிய பிளாஸ்திரித் துண்டுகளை உடம்பில் ஒட்டி, 1,694 நோயாளிகளை ஊசி போட்டவர்களும் பிளாஸ்திரி ஒட்டியவர்களுமாகப் பிரித்து வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 2021-ல் வெளிவந்த முடிவின்படி, இருதயக் கோளாறும் ரத்தக் கட்டியும் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. உடம்பு கொதிப்பது ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு. பிளாஸ்திரிக்காரர்களில் 35 பேருக்கு. மார்பு பெருப்பது மட்டும் தலைகீழ்: ஊசிக்கு 38, பிளாஸ்திரிக்கு 86. எண்பது வருஷத்துப் பழைய மருந்து, வாசலை மாற்றிக் கொண்டு மரியாதையோடு திரும்பி வந்திருக்கிறது.

உடனே, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு விற்கும் பிளாஸ்திரியை வாங்கி ஒட்டிக் கொண்டால் போயிற்று என்று யாரும் எண்ணி விட வேண்டாம். சோதனையில் பயன்பட்டது அதைவிடப் பெரிய அளவு. ரத்தத்தில் ஹார்மோனை அளந்து அளந்து ஒட்டியது.

வாசலுக்கு வரும் கைகள்

இந்த விஷயத்தில் பெரிய இயந்திரமோ பெரிய பணமோ தேவையில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கியபோது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொண்டு வந்து கொடுக்கப் பெண் தொண்டர்கள் புறப்பட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக் கொண்ட அந்தக் கைகளுக்கு, ஈஸ்ட்ரோஜன் சாப்பிடும் பெரியவரின் கெண்டைக்காலைப் பார்க்கவும் கற்றுக் கொடுப்பது பெரிய வித்தையல்ல. மாத்திரையோடு ஒரு துண்டுச் சீட்டும் வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், நாலைந்து வரிகளில். படிக்கத் தெரியாதவருக்குப் பேத்தி படித்துக் காட்டுவாள். மருந்துக் கம்பெனி வைக்கும் மெல்லிய காகிதத்தில் எறும்பெழுத்து ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்ட பட்டதாரியாலும் படிக்க முடியாது. ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் நினைத்தால் இந்தச் சீட்டை ஒரே வாரத்தில் அச்சடித்து விடலாம்.

அதில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டால், முதலில் கால். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் சதை அழுத்தினால் வலித்தால், அங்கே சூடாகவோ சிவப்பாகவோ இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தையற்காரர் நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் வாரம் ஒரு முறை அளந்து பார்க்கலாம். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் டாக்டர்களே அதைப் பெரிதாக எடுத்துக் கொள்கிறார்கள். நாடா சரியாகக் காட்டினாலும் வலி இருந்தால் போயே ஆக வேண்டும். அடுத்தது நெஞ்சு. திடீரென மூச்சு வாங்குவது, நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், வாய் கோணுவது, கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் 108-க்குப் போன் செய்வதைத் தவிர வேறு யோசனை கூடாது. கஷாயம் வைத்துப் பார்ப்பதற்கான நேரம் அதுவல்ல. மூன்றாவது, மாத்திரைக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இந்த நோய்க்குச் சம்பந்தமானது: முதுகுவலியோடு இரண்டு காலும் வலுவிழந்தாலோ சிறுநீர் அடியோடு அடைத்துக் கொண்டாலோ, முதுகுத் தண்டு நசுங்குகிறது என்று அர்த்தம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம், நாட்கணக்கில் இல்லை.

பொங்கலுக்குச் சொந்த ஊர் போகும் நீண்ட ரயில், பஸ் பயணங்களில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காமல் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். எலும்பு முறிந்தோ வேறு அறுவைச் சிகிச்சைக்கோ படுக்கையில் கிடக்க நேர்ந்தால், ஈஸ்ட்ரோஜன் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் முதலிலேயே சொல்லி விட வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் அப்படியே. எந்த அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு ஓடுவது நல்லது. நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்கும்போது, "வெள்ளையாய், சின்னதாய் இருக்கும்" என்று மட்டும் சொன்னால் அவர் எதைக் கண்டார்?